ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ‘படித்ததில் பிடித்தது’ நிகழ்ச்சியில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



‘படித்ததில் பிடித்தது’ன்னு தலைப்புக் கொடுத்து என்னைப் பேசச் சொன்னாங்க. நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால் நான் பேசப்போறது நானாகப் படித்தது இல்லை. கல்லூரியில் படிக்கிற என் மகள் ஆங்கிலப் பாடத்துக்காக ஒரு கவிதையைப் படித்துவிட்டு, அதன் பொருளை எனக்குத் தமிழில் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அது என் மனசை விட்டுப் போகவில்லை. அதனால் அதையே இங்கே பேசலாம்னு வந்திருக்கேன்.

அந்தக் கவிதையை எழுதியவர் ராபர்ட் ஹெய்டன். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 1913-இல் பிறந்தவர். கறுப்பின மக்களில் ஒருவர். பெற்றவர்கள் பிரிந்துபோனதால் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவரை எடுத்து வளர்த்தார்கள். வளர்த்த அப்பா கூலித் தொழிலாளி. ஏழ்மையும் சண்டையும் சத்தமும் நிறைந்த வீடு. அந்த வீட்டில் வளர்ந்த பையன் பிற்காலத்தில் பெரிய கவிஞராகி, அமெரிக்க நாட்டு நூலகத்தின் கவிதை ஆலோசகர் பதவிக்கு வந்தார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் கறுப்பினக் கவிஞர் அவர்தான்.

கவிதையின் பெயர் ‘அந்தக் குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகள்’னு தமிழில் சொல்லலாம். மொத்தம் 14 வரிதான். அதை வரிக்கு வரி நான் சொல்லப் போறதில்லை. அதில் என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன்.

அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் பனி கொட்டும். கணப்பு மூட்டினால்தான் வீட்டுக்குள்ளே இருக்க முடியும். வாரம் முழுக்க வெளியே கடுமையாக உழைத்து, கை வெடித்துப்போன அப்பா, ஊரே தூங்குகிற ஞாயிற்றுக்கிழமையும் முதல் ஆளாக எழுந்திருக்கிறார். இருட்டில், குளிரில், துணியை மாட்டிக்கொண்டு நெருப்பு மூட்டுகிறார். வீடு சூடான பிறகுதான் பிள்ளையை எழுப்புகிறார். பிள்ளையின் காலணியைக்கூடத் துடைத்து பளபளப்பாக வைத்திருக்கிறார். யாரும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வீட்டில் இருக்கிற கோபத்துக்குப் பயந்துகொண்டேதான் மெதுவாக எழுந்து வருகிறான். வளர்ந்து பெரியவனான பிறகு, அன்பு இப்படியும் சத்தமில்லாமல் வேலை செய்யும்னு அப்போது தனக்கு எங்கே தெரிந்ததுன்னு நினைக்கிறான். அவ்வளவுதான் கவிதை.

கேட்டதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. எங்க வீட்டில் அப்பாவை ‘ஐயா’ன்னுதான் கூப்பிடுவோம். ஐயா பனையேறி. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணில் வளர்ந்தவங்க நாங்க. அமெரிக்காவில் குளிர் என்றால் எங்க ஊரில் வெயில். ஆனால் அந்த வெடித்த கை இருக்குதே, அது ரெண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஐயாவுக்குக் கையில் மட்டும் இல்லை, மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சிலும் காய்ப்பு இருந்தது. காலில் தளைநார் மாட்டும் இடத்தில் தோல் தடித்துக் கறுத்துப்போயிருக்கும்.

இங்கே இருக்கிறவங்களில் பனங்காட்டுப் பக்கம் பிறக்காதவங்களுக்காக அந்த வேலையைக் கொஞ்சம் சொல்றேன். மாசி, பங்குனியில் பாளை விட ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் பருவம். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே ஐயா எழுந்துவிடுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, தோளில் மிருக்குத்தடி. ஒவ்வொரு மரமாக ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தில் விழுந்திருக்கிற பதநீரை இறக்கி, கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவி, திரும்பக் கட்டிவிட்டு வரணும். சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சாயங்காலம் திரும்பவும் அத்தனை மரமும் ஏறிப் பாளை சீவணும்.

நம்ம குழுவில் கணக்கு எழுதிப் பழகினவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன், போட்டுப் பாருங்க. ஐயாவுக்கு 40 மரம். காலையும் மாலையும் சேர்த்து 80 தடவை ஏறி இறங்கணும். ஒரு மரம் 50 அடின்னு வைங்க. ஒரு நாளைக்கு 4000 அடி ஏற்றம். அதே 4000 அடி இறக்கம். ஊட்டியில் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம் சுமார் 8650 அடி. ரெண்டு நாளில் கிட்டத்தட்ட அந்த உயரத்தை எங்க ஐயா ஒரு கயிறும் ஒரு தடியும் வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறார். பருவம் முழுக்க ஏறியிருக்கிறார்.

அந்தக் கவிதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘ஞாயிற்றுக்கிழமையும்’ என்கிற அந்த ஒரு சொல்தான். பனை வேலையில் ஞாயிறு கிடையாது, நல்ல நாள் கிடையாது. ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டின வாய் காய்ந்துபோகும். பாளை சுரப்பை நிறுத்திவிடும். வீட்டில் கல்யாணம் என்றாலும், சாவு விழுந்தாலும், உடம்பு கொதித்தாலும் மரம் காத்திருக்காது. அதனால்தான் ஐயாவோடு நாங்க ஒரு இடத்துக்கும் போனதில்லை. கோயில் கொடைக்குக்கூட அவர் ராத்திரிதான் வருவார். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

இதுவரைக்கும் கவிதையும் நானும் ஒரே பாதையில்தான் வந்தோம். இதுக்கு மேலே எனக்குச் சில கேள்வி வந்தது.

முதல் கேள்வி: அந்த வீட்டில் அம்மா எங்கே? அந்த 14 வரியில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைக் கவிஞர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அவர் அப்பாவைப் பற்றி எழுத வந்தார், அப்பாவை எழுதினார். ஆனால் நான் எங்க வீட்டைப் பற்றிச் சொல்லும்போது ஐயாவோடு நிறுத்த முடியாது. ஏன்னா ஐயா இறக்கிக் கொண்டுவந்தது பதநீர். அதைக் கருப்பட்டி ஆக்கினது அம்மா.

பனையோலை வேய்ந்த விடிலிக்குள்ளே, பங்குனி, சித்திரை வெயிலில், அடுப்புக்கு முன்னாடி மூன்று நாலு மணி நேரம் நிற்கணும். அதுக்கு முன்னாடி உடைமுள்ளும் காய்ந்த ஓலையும் பொறுக்கி விறகு சேர்த்திருக்கணும். பதநீரை வடிகட்டித் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சும்போது பொங்கி வரும். அப்போ ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் பொங்கல் அடங்கும். துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்கணும். கூப்பனி பதம் வந்ததைக் கண்ணால் பார்த்தே சொல்லணும். ஒரு நிமிடம் முந்தினால் கருப்பட்டி இளகிப்போகும், பிந்தினால் தீய்ந்துபோகும். பதம் பார்த்து இறக்கி, சிரட்டையில் ஊற்றி, ஆறினதும் தட்டி எடுத்து, ஓலைப்பெட்டியில் அடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் சோறு பொங்க வரணும், தண்ணி எடுக்கணும், எங்களைக் குளிப்பாட்டணும்.

பாளைக்கு ஞாயிறு இல்லை என்றால் தாச்சிக்கும் ஞாயிறு இல்லை. அதுவும் ஐயாவுக்கு ஆடி முடிந்தால் மரத்திலிருந்து இறக்கம் உண்டு. அம்மாவுக்கு ஆவணியில் என்ன விடுமுறை? ஓலை முடையும் வேலை. அடுப்பு மட்டும் விடிலியில் இருந்து வீட்டுக்குள்ளே மாறும். அவ்வளவுதான்.

2019-இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு கேட்டு எழுதினாங்க. கூலி இல்லாத வீட்டு வேலை செய்கிறவங்களில், பெண்கள் அதுக்குச் செலவழிப்பது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. இந்த ஐந்து மணி நேரம் நம்ம வீட்டுக் கணக்கு நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்குது? எங்க அம்மா குழுவில் சேர்ந்தப்போ படிவத்தில் தொழில் என்கிற இடத்தில் என்ன எழுதினாங்க தெரியுமா? ‘இல்லத்தரசி’. ஊருக்கே கருப்பட்டி காய்ச்சினவளுக்குத் தொழில் இல்லை!

ரெண்டாவது கேள்வி: இவ்வளவு உழைத்தாங்களே, அந்த உழைப்பு எங்கே போச்சு?

கவிதையில் அப்பா நெருப்பு மூட்டினார், வீடு சூடாச்சு. உழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரியுது. எங்க வீட்டில் அது தெரியவில்லை. ஏன்னா பருவம் முடிந்து ஆவணி, புரட்டாசியில் கையில் காசு இருக்காது. அப்போ ஒரு கருப்பட்டி வியாபாரியிடம் ஐயா முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கினால் அடுத்த பருவத்துக் கருப்பட்டி முழுவதையும் அவருக்கே போடணும், அவர் சொல்கிற விலைக்கே போடணும். எடை போடுவதும் அவரே, கணக்கு எழுதுவதும் அவரே. பருவ முடிவில் நோட்டைப் பார்த்தால் பாக்கி கொஞ்சம் நிற்கும். அதைக் கழிக்க முடியாமல் திரும்பவும் முன்பணம். தினம் 4000 அடி ஏறின மனுஷன், பருவ முடிவில் தரையிலேதான் நின்றார்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா என்னை ஒரு பழைய நோட்டில் எழுதச் சொன்னாள். இன்றைக்கு எத்தனை கிலோ போட்டோம், என்ன விலை சொன்னார், சந்தையில் என்ன விலை விற்றது, இவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க எழுதினேன். கூட்டிப் பார்த்தால், வாங்கின முன்பணத்தை விட, விலை வித்தியாசத்தில் விட்டது அதிகமாக இருந்தது. அம்மா அதை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் குழுவில் சேர்ந்தாள். அப்போ வாரம் பத்து ரூபாய் சேமிப்பு.

குழுவில் உள்கடன் வாங்கி முதலில் அடைத்தது அந்த முன்பணத்தைத்தான். அந்த வருஷம்தான் எங்க கருப்பட்டி முதன்முதலாக எங்களுக்குச் சொந்தமாச்சு. பாதியைப் பருவத்திலேயே விற்றோம். மீதியை அடுப்புக்கு மேலே பரண் கட்டி, ஈரம் படாமல் வைத்திருந்து, ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறினப்போ விற்றோம். ஐயா ஏறின மரம் அதே 40 தான். அம்மா காய்ச்சின தாச்சியும் அதேதான். ஒரு அடிகூட அதிகமாக ஏறவில்லை. கையில் நின்ற காசு மட்டும் மாறிச்சு. உழைப்பு கூடினதால் இல்லை, கணக்கு நம்ம கைக்கு வந்ததால் மாறிச்சு. இன்றைக்கு உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கு. ரொம்பச் சந்தோஷம். அந்தப் பெயரால் வருகிற விலை மரம் ஏறினவர் வீட்டுக்கும் தாச்சி கிண்டினவள் கைக்கும் வந்து சேருதான்னு பார்க்க வேண்டியது நம்ம வேலை.

மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கு. ஆனாலும் நம்ம வீட்டுக் கூட்டம்தானே இது, சொல்லிவிடுறேன்.

அந்தக் கவிஞர் அப்பாவின் உழைப்பை மட்டும் எழுதவில்லை. அந்த வீட்டில் இருந்த கோபத்தையும், பிள்ளைக்கு இருந்த பயத்தையும் சேர்த்தே எழுதினார். அதனால்தான் அது எனக்கு உண்மையான கவிதையாகப் படுது. உழைக்கிற அப்பாவைப் பற்றி நம்ம மேடைகளில் பேசினால் அவரைச் சாமி ஆக்கிவிடுவோம். எங்க ஐயா சாமி இல்லை. வியாபாரி வந்துவிட்டுப் போகிற நாளில் எங்க வீட்டில் சத்தம் கேட்கும். ஒரு தடவை கூப்பனி பொங்கி வழிந்துபோச்சுன்னு சட்டியைத் தூக்கி எறிந்தார். நாங்க கதவுக்குப் பின்னாடி நின்றோம். கடன் அடைந்த பிறகு அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது என்பதும் உண்மை. ஆனால் கடன் ஒரு காரணம்தான், அது நியாயம் ஆகாது. அதே கடன்தான் அம்மாவுக்கும் இருந்தது. அவள் யார் மேலும் சட்டியை எறியவில்லை.

இதை ஏன் சொல்றேன்னா, குழுக் கூட்டத்துக்குக் கன்னம் வீங்கி வருகிற தங்கச்சிமார் சொல்லுற ஒரு வார்த்தை உண்டு: “என்ன இருந்தாலும் உழைச்சுப் போடுறாருல்ல அக்கா.” உழைக்கிறார், சரி. அதுக்கு மரியாதை கொடுப்போம். சுடுசோறு போடுவோம், கால் வலித்தால் எண்ணெய் தேய்த்துவிடுவோம். ஆனால் அடிக்கிறதுக்கு உழைப்பு உரிமைச்சீட்டு இல்லை. அவர் மேலே அன்பு வைக்கவும் செய்யலாம், அடிக்காதேன்னு சொல்லவும் செய்யலாம். ரெண்டும் ஒரே வாயில் வரும். 2005-இல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நமக்காகத்தான் இருக்கு. 181 என்கிற எண்ணுக்குப் பேசினால் உதவி கிடைக்கும். பிள்ளைகள் கதவுக்குப் பின்னாடி நிற்கிற வீடாக நம்ம வீடு இருக்க வேண்டாம்.

ஐயா 52-ஆவது வயதில் மரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பினது, இடுப்பெலும்பு போச்சு. அதுக்கு அப்புறம் அவர் மரம் ஏறவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஓலையைக் கிழித்து, ஈர்க்கு எடுத்து, அம்மாவுக்குப் பெட்டி முடையக் கொடுப்பார். அப்போதான் ஒரு நாள், அம்மா அடுப்படியில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “இவளுக்கு உக்காரவே நேரமில்ல போலயே”ன்னு எங்களிடம் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை, எங்களிடம்தான் சொன்னார். அத்தனை வருஷமும் விடியும் முன்னே போய் இருட்டிய பிறகு வந்தவருக்கு, அம்மாவின் பகலைப் பார்க்க இடுப்பு ஒடிய வேண்டியிருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வலிக்குது. நம்ம வீட்டில் ஒருத்தர் உழைப்பை ஒருத்தர் பார்க்கிறதுக்கு அப்படி எதுவும் நடக்கணும்னு காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால், கவிதை பேச வந்த நான் மூன்று வேலை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுறேன்.

ஒன்று, இந்த வாரக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்க. அவங்கவங்க வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாங்க, எத்தனை மணிக்குப் படுக்கிறாங்க, நடுவில் என்னென்ன வேலைன்னு ஒரு தாளில் எழுதுங்க. வீட்டுக்காரர் வேலையையும் எழுதுங்க, உங்க வேலையையும் விடாமல் எழுதுங்க. அதை வீட்டில் பிள்ளைகளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்க. படிவத்தில் தொழில்னு கேட்டால் நீங்க செய்கிற தொழிலை எழுதுங்க.

ரெண்டு, விற்கிற பொருளுக்கு எடையும் விலையும் நம்ம நோட்டில் இருக்கணும். பால் ஊற்றினாலும் சரி, பூ கட்டினாலும் சரி, கருப்பட்டி போட்டாலும் சரி. முன்பணம் வாங்கியிருக்கிறவங்க குழுவில் வெளிப்படையாகச் சொல்லுங்க. அதை அடைக்கத்தான் உள்கடன் இருக்கு.

மூன்று, மரம் ஏறுகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர், மூட்டை தூக்குகிறவர், யாராக இருந்தாலும் நல வாரியத்தில் பதிவு இருக்கான்னு பாருங்க. பனைத் தொழிலாளருக்கும் தனி வாரியம் இருக்கு. வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்தால் பிரதம மந்திரி சுரக்ஷா விபத்துக் காப்பீடு. 18 வயதிலிருந்து 70 வயது வரைக்கும் சேரலாம். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கையோ காலோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். அவர் பெயரில் மட்டும் போட்டுவிட்டு வந்துவிடாதீங்க. அடுப்புக்கு முன்னாடி நிற்கிற உங்க பெயரிலும் போடுங்க.

அந்தக் கவிதையில் அப்பா மூட்டின நெருப்பில் ஒரு பிள்ளை குளிர் காய்ந்தான். நம்ம வீட்டு நெருப்பை யார் மூட்டினாங்க, யார் அதில் வெந்தாங்க, அதில் காய்ச்சினது யார் கைக்குப் போச்சு, இந்த மூன்றையும் நம்ம பிள்ளைகள் தெரிந்துகொண்டு வளரட்டும். அவங்களில் யாராவது நாளைக்கு ஒரு கவிதை எழுதினால், அதில் அப்பாவும் இருப்பார், அம்மாவும் இருப்பாள்.